நாய்க்குட்டி கிழித்த ஏடு

பொறை என்னும் குணத்தைப் புகழாதார் உலகத்தில் இலர்; அதனைத் தம் இல்லத்தில் கைக்கொண்டு ஒழுகுவார் சிலரே. பெரும்பகை வந்துற்ற காலத்துக் கலங்காதிருந்தவரும், பெருநோய் வந்துற்ற காலத்து வாய்திறந்து புலம்பாதவரும், வாயிற்படியில் விட்ட புதுச்செருப்பை வீட்டு நாய் கடித்துக் குதறியது கண்டவிடத்துத் தம்மை மறந்து கோலெடுத்தல் காணப்படும். இஃது என்னை? பெருந்துன்பம் வருங்கால் அறிவு விழித்து நின்று காவல் செய்கிறது. சிறுதுன்பம் வருங்கால் காவல் வேண்டா என்று உறங்கிவிடுகிறது. சினம் நுழைவது அவ்வுறக்கத்திலேயாம். ஆதலின் பொறைக்கு உண்மையான சோதனை போர்க்களத்தில் நிகழ்வதினும் வீட்டுத் திண்ணையில் நிகழ்வதே பெரும்பான்மை என்க.

திருவள்ளுவனார் பொறையுடைமையை இல்லறவியலிலும் வெகுளாமையைத் துறவறவியலிலும் வைத்த முறை ஈண்டுக் கருதத்தக்கது. துறந்தானுக்கு இழக்கத்தக்க உடைமை சிறிது. இல்லறத்தானுக்கோ வீடுண்டு, பொருளுண்டு, உழைத்து முடித்த தொழிலுண்டு. அவற்றை ஒரு நொடியில் அழித்துவிட்டு ஒன்றும் அறியாததுபோல் முகம்பார்த்து நிற்கும் குழந்தையும் கன்றும் நாயும் உண்டு. ஆதலின் பொறை அவனுக்கு அன்றாடம் வேண்டப்படுவதாயிற்று. உணவும் நீரும் போல நாடோறும் வேண்டுவது அது.

நாயும் பொறையும் ஆகிய இவ்விரண்டையும் இணைத்து ஆங்கில நாட்டில் ஒரு கதை நெடுங்காலமாக வழங்கிவருகிறது. ஐசக் நியூட்டன் என்னும் பேரறிஞர் டயமண்டு என்று பெயரிய நாயொன்றை வளர்த்தார் என்றும், அவர் வெளியே சென்றிருந்தபோது அது மேசையின்மேல் எரிந்துகொண்டிருந்த மெழுகுவத்தியைக் கவிழ்த்து, பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய தாள்களைச் சாம்பலாக்கியது என்றும், மீண்டு வந்தவர் அதன்மேற் கைவையாது, தான் செய்த கேட்டின் அளவை அவ்வுயிர் அறியாதே என்று இரங்கியதோடு அமைந்தார் என்றும் கூறுவர். கேட்டற்கு இனிய கதை. ஆயினும் வரலாறு அன்று. நியூட்டனிடம் சில ஆண்டுகள் எழுத்துத் துணைவராக இருந்த ஒருவர், அவர்தம் அறையில் நாயும் இல்லை, பூனையும் இல்லை என்றே எழுதிவைத்துப் போயினார்.

கதை பொய்யாயினும் அதன் உட்கருத்து மெய்யன்றோ எனின், ஆம், மெய்யே. ஆயினும் அக்கதைக்கு ஒரு குறையுண்டு. அதில் வரும் அறிஞருக்குச் சினமே பிறக்கவில்லை. சினமே பிறவாதவரைப் பார்த்து வணங்கலாம்; பின்பற்றுதல் அரிது. சினம் பிறந்தும், கையில் மட்டையை எடுத்தும், எடுத்த கை எல்லை கடவாமல் நின்றவன் ஒருவன் உளனாயின், அவனே ஏனையோர்க்குப் பயன்படும் எடுத்துக்காட்டாவான். அத்தகைய ஒருவரை வரலாறு காட்டுகிறது. அவர் அமெரிக்க நாட்டு நாவலாசிரியர் ஜான் ஸ்டைன்பெக் என்பார்.

இவர் கலிபோர்னியா மாகாணத்துச் சலீனாஸ் என்னும் ஊரில் 1902-ஆம் ஆண்டு பிறந்தவர். எழுத்தையே தொழிலாகக் கொண்டு பல்லாண்டு வறுமையில் உழன்றவர். 1935-ஆம் ஆண்டில் வெளிவந்த நாவல் ஒன்றினால் ஓரளவு பெயரும் பொருளும் எய்தினார். அடுத்த ஆண்டில், ஊர் ஊராய்ச் சென்று பண்ணைகளிற் கூலிவேலை செய்யும் இருவரைப் பற்றி மற்றொரு நூல் எழுதத் தொடங்கினார். அக்காலத்து அவர் வீட்டில் டோபி என்னும் நாய்க்குட்டி ஒன்று வளர்ந்து வந்தது. அது செட்டர் என்னும் வேட்டை நாய்ச் சாதியைச் சேர்ந்தது. அச்சாதி நாய்கள் ஓட்டத்தில் விருப்பமும் ஓய்வில் வெறுப்பும் உடையன. அடைபட்டுக் கிடத்தல் அவற்றுக்கு ஆகாது.

1936-ஆம் ஆண்டு மே மாதத்து ஓரிரவு, வீட்டார் இல்லாத வேளையில் அக்குட்டி தனித்து விடப்பட்டது. அவர்கள் திரும்பி வந்து பார்த்தபோது, எழுதிவைத்த நூலில் ஏறக்குறையப் பாதி சுக்கல் சுக்கலாகக் கிழிந்து கிடந்தது. இரண்டு திங்கள் உழைப்பு ஓரிரவிற் போயிற்று. அதற்கு வேறு படியும் இல்லை.

வேறு படியில்லாத ஏடு என்பதன் பொருள் தமிழ் மக்களுக்கு விளக்க வேண்டுவதன்று. ஓலைச்சுவடி ஒன்றே ஒன்றாய் இருந்து, அதனைக் கறையான் அரித்தமையாலும், நீர் கொண்டமையாலும், தீ உண்டமையாலும் இறந்துபட்ட நூல்கள் எத்தனையோ. ஏடு தேடிச் சென்றோர் பெட்டியைத் திறந்து கையிட்டபோது மண்ணும் பொடியுமே வந்த துயரத்தைச் சுவடி காத்த குடும்பங்கள் அறியும். கறையானைச் சினந்து பயனில்லை. அது கண்ணுக்கு எட்டாது. நாயோ கண்முன்னே வாலை ஆட்டிக்கொண்டு நிற்பது. சினத்துக்கு இலக்கு அகப்பட்டுவிட்டது. கையோங்கினால் தடுப்பார் இல்லை. தண்டித்தால் வினவுவாரும் இல்லை. தன்னினும் வலியான்முன் அடங்கிய சினம் அச்சத்தால் அடங்கியதேயன்றிப் பொறையால் அடங்கியதன்று. சினம் செல்லக்கூடிய இடத்தே அதனைக் காப்பவனே காப்பவன் என்பது வெகுளாமை அதிகாரத்தின் தொடக்கத்திலேயே பெறப்படும் கருத்தன்றோ! தன் சோற்றை உண்டு, தன் வாயிலிற் கிடந்து, தன்னையன்றிப் புகலறியாத நாயின் முன்னரே ஒருவனுடைய உண்மை அளவு வெளிப்படும்.

ஸ்டைன்பெக் தம் நூல்களைப் பதிப்பாளரிடம் சேர்க்கும் முகவருக்கு அம்மாதம் 27-ஆம் நாள் எழுதிய கடிதத்தில் இந்நிகழ்ச்சியைக் குறிப்பிட்டுள்ளார். தமக்குக் கடுஞ்சினம் வந்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் அதன்பின் அவர் உள்ளம் சென்ற நெறி வியக்கத்தக்கது. அக்குட்டி ஒருகால் நூலைப் படித்துத் திறனாய்வு செய்திருக்கலாம் என்று நகைச்சுவையாக எழுதினார். தாம் எழுதிய நூல் நல்லதுதானா என்பது தமக்கே தெளிவில்லை. அத்தகைய நூலின்பொருட்டு நல்ல நாயொன்றைக் கெடுத்துவிட விரும்பவில்லை என்றும் எழுதினார். அதற்கென்றே வைத்திருந்த ஈயடிக்கும் மட்டையால் வழக்கமான அடி மட்டும் கொடுத்ததாகவும் தெரிவித்தார். பின்னர் உட்கார்ந்து, போன பகுதியை மறுபடியும் எழுதலாயினார்.

இச்சிறு செய்தியுள் மூன்று கருத்துகள் அடங்கியுள்ளன. அவற்றை ஒவ்வொன்றாக ஓர்தல் தகும்.

முதலாவது, நிறுத்துப் பார்த்தல். சினம் என்பது ஒரு பொய்த்தராசு. அது இழந்த பொருளை ஒரு தட்டில் வைத்துப் பெருக்கிக் காட்டும். இழப்புக்குக் காரணமான உயிரை மறுதட்டில் வைத்துச் சுருக்கிக் காட்டும். ஓடிப்போன பசுவின் மடி, கட்டுத்தறியில் நின்ற காலத்தினும் பெரிதாகத் தோன்றுதல் போல, கிழிந்துபோன ஏடு கிழியாத காலத்தினும் சிறந்ததாகத் தோன்றும். இவ்வாசிரியரோ அத்தராசைக் கையிலெடுக்கவில்லை. நூலின் நன்மை ஐயத்துக்குரியது. நாயின் நன்மை தெளிவானது. ஐயப்பொருளுக்காகத் தெளிபொருளை இழத்தல் அறிவுடைமையாகாது. இத்துணையே அவர் கண்ட கணக்கு. பொறை என்பது பல்லைக் கடித்துக்கொண்டு சினத்தை விழுங்குதல் என்று பலர் எண்ணுவர். அஃது அன்று. உள்ளே விழுங்கிய சினம் நாளை வேறொரு வாயிலால் வெளிப்படும். சரியாக நிறுத்துப் பார்த்தவழிச் சினம் தானே எடை குறைந்து போகும். ஆதலின் பொறை அறிவின் தொழில் என்க. வலிமையின் தொழில் அன்று.

இரண்டாவது, தன்னைப் பெரிதாக எண்ணாமை. ஓர் ஆசிரியன் தன் நூலைக் கிழித்த நாயைத் திறனாய்வாளனாகக் கருதி நகைத்தல், தன் நூலைப் பற்றிய செருக்கு அவனிடத்து மிகாதவழியே இயலும். தகுதியில்லாப் புலவரைத் தள்ளிவிட்ட சங்கப்பலகையைப் பற்றித் தமிழுலகம் பேசும். அப்பலகை எழுத்தாணியால் எழுதவில்லை, தள்ளிற்று. இக்குட்டியும் வாயாற் பேசவில்லை. பல்லால் மறுப்புரை கூறிற்று என்று கொண்டால் சினம் எங்கே நிற்கும்? "என் நூல்", "என் உழைப்பு", "என் பொருள்" என்று உள்ளே நின்று கூவும் குரல் எத்துணை உரத்ததோ, அத்துணைக் கடுமையாக வெளியே கோல் விழும். கோலின் வேகத்தை அளக்க விரும்புவோர் நாயின் குற்றத்தை அளவாகக் கொள்ளற்க. உடையானின் செருக்கையே அளவாகக் கொள்க.

மூன்றாவது, நிகழ்ந்ததை நிகழ்ந்ததாகக் காணுதல். அந்நூலுக்கு அவர் முதலில் இட்டிருந்த பெயர் "நிகழ்ந்த ஒன்று" என்னும் பொருளுடையது. உலகில் துன்பம் நேர்ந்தவுடன் யார் குற்றம் என்று கேட்பது மக்கள் இயல்பு. எல்லா நிகழ்ச்சிக்கும் குற்றவாளி ஒருவன் இருந்தே தீரவேண்டும் என்பதில்லை. சில நிகழ்கின்றன, அவ்வளவே. இப்பெயரைச் சூட்டிய நூலின் பாதியே இவ்வாறு நிகழ்ந்த ஒன்றால் அழிந்தது. தாம் எழுதிய கொள்கைக்குத் தம் வீட்டிலேயே தேர்வு வந்துற்றது. அத்தேர்வில் அவர் பெரும்பாலும் வென்றார் என்றே சொல்லலாம்.

பின்னர் அந்நூலுக்குச் சூட்டப்பெற்ற பெயர் "எலிகளும் மனிதர்களும்" என்று பொருள்படுவது. அது ஸ்காத்லாந்து நாட்டுப் புலவர் ராபர்ட் பர்ன்ஸ் 1785-ஆம் ஆண்டு பாடிய செய்யுளொன்றிலிருந்து எடுக்கப்பட்டது. உழவன் ஒருவன் ஏர் உழுகையில் எலியின் வளை அறியாமல் அழிந்துபட, குளிர்காலத்தில் வீடிழந்த அச்சிற்றுயிரை நோக்கி அவன் இரங்கிப் பேசுவதே அச்செய்யுளின் பொருள். அங்கே மனிதன் எலியின் வீட்டை அழித்தான். இங்கே நாய் மனிதனின் ஏட்டை அழித்தது. அழித்தோர் இருவரும் வேண்டுமென்று அழித்தாரல்லர். உழவன் தன் பிழைக்கு இரங்கிச் சொல்ல வாயுடையன். நாய்க்கு அந்த வாய் இல்லை. அதன் பொருட்டு உடையானே இரங்கிச் சொல்ல வேண்டும்.

இனி, தடை ஒன்று எழும். அவர் மட்டையால் அடித்தாரன்றோ? அடித்தவரைப் பொறையுடையார் என்றல் பொருந்துமோ எனின், கூறுதும். அடித்தது பொறையன்று, அடி அளவில் நின்றதே பொறை. தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் நாய் வளர்ப்போர் பலரும், அடித்தால் நாய் கற்கும் என்றே நம்பினர். அந்நம்பிக்கையை அவரும் உடையராயிருந்தார். இன்று உயிர்நூல் வல்லாரும் நாய் பழக்குவோரும் கண்டறிந்தவை அந்நம்பிக்கையைத் தளர்த்திவிட்டன. அவற்றுள் இரண்டை நாய் வளர்ப்போர் கட்டாயம் அறிதல் வேண்டும்.

ஒன்று, குட்டி ஏன் கடிக்கிறது என்பது. நாய்க்குட்டிக்குப் பாற்பற்கள் 28. அவை மூன்று நான்கு திங்களில் விழத்தொடங்கி, ஆறேழு திங்களுக்குள் நிலைப்பற்கள் 42 முளைத்துவிடும். அக்காலத்து ஈறு தினவும் நோவும் கொள்ளும். அதனைத் தணிக்கக் கிடைத்ததையெல்லாம் கடிக்கும். அன்றியும் நாய் கூட்டமாக வாழும் உயிர். தனித்து அடைபட்டால் அச்சமும் கலக்கமும் கொண்டு கதவைப் பிறாண்டும், ஊளையிடும், உடையவனின் மணம் தங்கிய பொருளைத் தேடிச்சென்று குதறும். செருப்பும் படுக்கையும் உடையும் எழுதிய தாளும் பெரும்பாலும் பலியாவது இதனால் என்க. உடையவன் இதனைப் பகையெனக் கொள்கிறான். நாயின் உள்ளத்திலோ பகை இல்லை, பிரிவாற்றாமையே உண்டு.

மற்றொன்று, தண்டனை நாயைச் சென்று சேருமா என்பது. செய்த செயலுக்கும் அதன் பயனுக்கும் இடையே சிறிது நேரம் கழிந்தாலும் நாயால் இரண்டையும் இணைத்துக் காண இயலாது. மாலையிற் கிழித்த தாளுக்கு இரவில் விழுந்த அடி, நாயின் கணக்கில் தாளுக்கு விழுந்ததன்று; வீட்டுக்கு வந்த தலைவனை வரவேற்றதற்கு விழுந்தது. அவ்வாறாயின் நாய் குற்றமுணர்ந்து தலைகவிழ்ந்து, காது மடித்து, கடைக்கண்ணாற் பார்ப்பது எதனால் என்று வினவுவர். இதனை அலெக்சாண்ட்ரா ஹாரொவிட்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர் 14 நாய்களைக் கொண்டு ஆராய்ந்து 2009-ஆம் ஆண்டில் வெளியிட்டார். உடையவர் தின்பண்டத்தைக் காட்டித் தொடாதே என்று விலக்கிவிட்டு அறையை விட்டு அகன்றனர். மீண்டு வந்தபோது, நாய் உண்டதா இல்லையா என்பது பற்றிச் சில வேளை உண்மையும் சில வேளை பொய்யும் அவர்களுக்குச் சொல்லப்பட்டது. உண்டதாகக் கேட்டவர் கடிந்தனர். குற்றவாளியின் முகம் என்று மக்கள் கருதும் அத்தோற்றம், நாய் உண்டதனால் மிகவில்லை; உடையவர் கடிந்ததனால் மிகுந்தது. அதினும் வியப்பு யாதெனின், உண்ணாதிருந்தும் கடியப்பட்ட நாய்களிடத்தே அது மிகுதியாகக் காணப்பட்டமை.

இதன் பயனைச் சற்று நின்று எண்ணுதல் வேண்டும். "பார், தன் குற்றம் தனக்கே தெரிகிறது, அதனால்தான் தலை கவிழ்கிறது" என்று சொல்லி அடிப்பவன், நாயின் முகத்தில் நாயின் குற்றத்தைக் காணவில்லை, தன் சினத்தின் நிழலையே காண்கிறான். அந்நிழலைச் சான்றாக வைத்துத் தீர்ப்பும் வழங்குகிறான். வழக்காளியும் தானே, சான்றும் தன் சினமே, நடுவனும் தானே, கொலைஞனும் தானே. இத்தகைய அவை உலகில் வேறெங்கும் இல்லை.

இவ்வவையில் நாய்க்கு நேர்வது சிறிதன்று. அடிக்கு அஞ்சிய நாய் கையைக் கண்டு நடுங்கும். நடுங்கிய நாய் ஒருநாள் அக்கையைக் கடிக்கும். கடித்த நாய் வீட்டைவிட்டுத் துரத்தப்படும். குட்டியாயிருந்த காலத்து மடியில் வைத்துக் கொஞ்சி, வளர்ந்து குறும்பு செய்யும் பருவத்தில் தொலைவிற் கொண்டுபோய் விட்டுவரும் வழக்கம் பல நாடுகளிலும் உண்டு. காப்பகங்களில் நாயைக் கொண்டுவந்து ஒப்படைப்போர் கூறும் காரணங்களுள் அதன் தீய பழக்கமும் ஒன்று. அப்பழக்கம் யாரால் வந்தது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

ஸ்டைன்பெக் மீட்டும் எழுதி முடித்த அந்நூலிலேயே நாய்க்குட்டி ஒன்று வருகிறது. லென்னி என்பான் பேருடலும் குழந்தை அறிவும் உடைய கூலியாள். மென்மையான உயிரைத் தடவிக்கொடுப்பதில் அவனுக்குப் பேராவல். அவன் அன்போடு தடவிய எலிகள் அவன் கையிலேயே இறந்துபடும். அவனுக்கு ஒரு நாய்க்குட்டி கிடைக்கிறது. ஒருநாள் விளையாட்டில் அது கடிக்க வருவதுபோற் செய்ய, அவன் அடிப்பதுபோற் கையோங்க, கை விழுந்துவிடுகிறது, குட்டி இறந்துவிடுகிறது. அவனிடத்து அன்பில்லை என்று யாரும் சொல்லார். இல்லாதது அன்பன்று, தன் கையின் வலிமையைப் பற்றிய அறிவு. அறிவில்லா அன்பு கொல்லும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. அந்நூலில் முதிய நாயொன்றும் உண்டு. நாற்றமும் தளர்ச்சியும் உடைய அதனைப் பொறுக்கமாட்டாத கூலியாள் ஒருவன் சுட்டுக்கொல்கிறான். குட்டி பயனில்லாத குறும்பினாலும், முதியது பயனில்லாத முதுமையினாலும் மனிதனின் பொறையைத் தேடி நிற்கின்றன. இவ்விரண்டையும் எழுதிய கை, தன் ஏட்டைக் கிழித்த குட்டியின்மேல் அளவோடு விழுந்த கையேயாம்.

தமிழரிடத்து நாய் ஒருவகையில் இழிசொல், மற்றொருவகையில் பணிவுச்சொல். ஒருவனை இகழ வேண்டின் நாயே என்பர். இறைவன் திருமுன் தம்மைத் தாழ்த்திக்கொள்ளும் அடியார்களும், மணிவாசகப் பெருமான் முதலாயினோர், தம்மை நாய் என்றே கூறிக்கொண்டனர். அவர்கள் அச்சொல்லைத் தேர்ந்தமை எதனால்? பிழை பல செய்தும் தலைவன் வாயிலை விட்டு நீங்காதது நாய். உண்ட சோற்றுக்கு நன்றி மறவாதது நாய். நாலடியாரும், பாகனையே கொல்லும் யானையின் நட்பையும், எறிந்த வேல் தன் உடலில் இருக்கவும் வால் குழைக்கும் நாயின் நட்பையும் ஒப்பிட்டு, பின்னதையே கொள்க என்றது. இவற்றை ஓதுவோர் ஒன்றை நினைத்தல் வேண்டும். காலையில் நாயினும் கடையேன் என்று உருகி, என் பிழையெல்லாம் பொறுத்தருள்க என்று வேண்டியவன், மாலையில் மெய்யாகவே நாயாகிய ஒன்று செய்த ஒரு பிழையைப் பொறானாயின், அவன் வேண்டுதல் யாது பொருளுடைத்து? தான் பெற விரும்பும் பொறையைத் தனக்குக் கீழுள்ளதற்குத் தராதவன், வாங்கும் கையை நீட்டிக் கொடுக்கும் கையை மடக்கினவனாவான். பாசம் என்னும் சொல்லுக்குக் கயிறு என்பது பொருள். நாயின் கழுத்திற் கட்டிய கயிற்றின் ஒருதலை நாயிடத்தும் மறுதலை உடையவன் கையிடத்தும் உளது. கட்டுண்டது ஒன்று மட்டும் என்று எண்ணுதல் மயக்கம்.

ஈண்டு மற்றொரு தடையும் நீக்கற்பாலது. பொறுத்தல் என்பது எதுவும் செய்யாதிருத்தலோ எனின், அற்றன்று. தன் செருப்பைக் கடித்ததைப் பொறுப்பது பொறை. தெருவிற் செல்லும் குழந்தையைக் கடித்ததைப் பொறுப்பது பொறையன்று, கடமை மறத்தல். பிறர் உடம்பிற் பட்ட காயத்தைப் பொறுக்க நாய் உடையானுக்கு உரிமையில்லை. அதனைப் பொறுக்க வேண்டியவன் காயம் பட்டவன். வெறிநாய்க்கடி நோய் குறி தோன்றியபின் ஏறத்தாழத் தப்பாது உயிர் போக்கும் கொடுநோய். லூயி பாஸ்டர் 1885-ஆம் ஆண்டு சூலை மாதத்தில் வெறிநாயால் கடியுண்ட சிறுவன் ஒருவனுக்கு முதன்முதல் ஊசி மருந்து செலுத்திக் காத்த நாள்முதல் அதற்குத் தடுப்பு உண்டு. நாய்க்கு ஆண்டுதோறும் அல்லது மருத்துவர் குறித்த காலந்தோறும் தடுப்பூசி இடுதலும், தெருவிற் செல்லுங்கால் கயிற்றிற் பிடித்துச் செல்லுதலும் உடையானின் அறம். கடியுண்டவர் காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவரிடம் செல்லுதல் வேண்டும். இவற்றைச் செய்யாது நாயை அடிப்பவன், செய்யவேண்டிய காலத்துச் சோம்பியிருந்து, செய்யத்தகாத காலத்து முனைந்தவனாவான்.

வீட்டினுள் நிகழும் குறும்புக்கும் இவ்வாறே முற்காவல் உண்டு. அருமையான பொருளை நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்தல் முதலாவது. கடித்தற்கென்று தக்க பொருளைக் கொடுத்தல் இரண்டாவது. நாள்தோறும் ஓடவும் நடக்கவும் விடுதல் மூன்றாவது. உடல் களைத்த நாய் உறங்கும், களையாத நாய் வேலை தேடும். தனித்திருக்கச் சிறிது சிறிதாகப் பழக்குதல் நான்காவது. தகாததைச் செய்யும்போதே கண்டால், அமைதியாகத் தடுத்து, தக்கதைக் கொடுத்து, அதனைக் கடித்தவழிப் பாராட்டுதல் ஐந்தாவது. செய்து முடிந்தபின் கண்டால், துடைப்பத்தை எடுத்துக் குப்பையைக் கூட்டுதல் ஒன்றே செய்யத்தக்கது. இவ்வைந்தையும் செய்தவனுக்குப் பொறுக்க வேண்டிய குற்றங்கள் மிகச் சிலவாகவே எஞ்சும். பொறை வேண்டும் இடங்களைக் குறைத்துக்கொள்வதும் பொறையின் பகுதியே.

மேசைமீது ஒரே படியாக ஏட்டை வைத்துவிட்டு, வேட்டைக் குட்டியை இரவிலே தனித்து விட்டுச் சென்றது யார் என்று கேட்கின், அவ்விரவின் கதை வேறாகிவிடும். கிழித்தது நாயின் பல். கிழிபடுமாறு வைத்தது மனிதனின் கை. வீட்டு நாயின் குற்றங்கள் என்று பெயர் பெற்றவற்றுட் பெரும்பாலானவற்றை இவ்வாறு வழிபற்றிச் சென்று பார்த்தால், அவை உடையானின் வாயிலிலேயே வந்து முடியும். நல்ல நாயை நூலுக்காகக் கெடுக்க மாட்டேன் என்று அவ்வாசிரியர் நின்றது, இவ்வுண்மை அவருள்ளத்தில் ஒருபுறம் தோன்றியமையால் என்று கொள்ளினும் இழுக்கில்லை.

மறுபடி எழுதப்பட்ட நூல் 1937-ஆம் ஆண்டு வெளிவந்தது. திங்கள்தோறும் உறுப்பினர்க்கு நூல் அனுப்பும் பெரிய சங்கம் ஒன்று அதனைத் தேர்ந்தெடுத்தது. நூல் பெருவரவேற்புப் பெற்றது. அப்போது ஸ்டைன்பெக், முதற்படியைத் தின்றபோது டோபி தான் செய்வது இன்னதென்று அறிந்தே செய்ததோ என்று ஐயுற்று, அதனை இலக்கியத் துறைக்கு லெப்டினென்ட் கர்னலாகப் பதவி உயர்த்தியதாக விளையாட்டாக எழுதினார். இரண்டாம் முறை எழுதியதனால் நூல் சிறந்ததோ என்பதை ஆராய வேண்டுவதில்லை. முதற்படி போயிற்று, ஒப்பிட வழியில்லை. தெளிவாக அறியக்கூடியது ஒன்று உண்டு. அவ்வாசிரியர் நாயுறவை அத்தோடு வெறுத்து ஒழித்தாரல்லர். 1960-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டைச் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டபோது, சார்லி என்னும் முதிய பூடில் நாயைத் துணையாக உடன்கொண்டு சென்றார். அப்பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நூல் 1962-ஆம் ஆண்டு நாயின் பெயரையும் தலைப்பிற் கொண்டு வெளிவந்தது. அவ்வாண்டிலேயே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

குட்டி கிழித்த ஏட்டைப் பொறுத்த கை, முதிய நாயின் தளர்நடைக்கும் காத்திருக்கக் கற்றது. பொறைக்கு வேறு ஊதியம் வேண்டா. ஒருமுறை பொறுத்தவனுக்கு மறுமுறை பொறுத்தல் எளிதாதலே அதன் ஊதியம். அதனைப் பயிலும் பள்ளி காட்டிலும் இல்லை, மலையிலும் இல்லை. மாலையில் வீடு திரும்புங்கால் கதவுக்குப் பின்னே கிழித்த தாளின்மேல் நின்று வாலை ஆட்டும் உயிரின் முன்னே உளது. கைவிழுமுன் ஒரு நொடி நின்று நிறுத்துப் பார்ப்பவர் அப்பள்ளியில் தேறுவர்.